வாசகர் கேள்வி: மரம் ஏறும் இயந்திரமும் மகளின் மேற்படிப்பும்

கேள்வி: என் மகள் கோவையில் மெக்கானிகல் இறுதியாண்டு படிக்கிறாள், ரோபாட்டிக்ஸில் ஆராய்ச்சி செய்ய விரும்புகிறாள். கட்டுரை, கணக்கு, படம் என எல்லாவற்றையும் கணினியே செய்துவிடும் இக்காலத்தில் அத்துறையில் ஆராய என்ன மிச்சம் இருக்கிறது? கம்ப்யூட்டர் படிப்புக்கு மாறச் சொல்லலாமா?
– தென்னை விவசாயி ஒருவர், கொழிஞ்சாம்பாறை

பதில்: மாறச் சொல்ல வேண்டாம். மிச்சம் இருப்பதில் பெரும்பகுதி அவர் படிக்கும் பக்கத்தில்தான் இருக்கிறது. 2016இல் சியோலில் 'கோ' என்னும் பலகை விளையாட்டில் ஆல்ஃபாகோ என்னும் கணினி நிரல் தென்கொரியாவின் முன்னணி ஆட்டக்காரர் லீ சேடோலை 4-1 என்று வென்றபோது, அது சொன்ன இடத்தில் காயை எடுத்து வைத்தவர் அதை உருவாக்கிய குழுவைச் சேர்ந்த ஒரு மனிதர். பெரியவர்களைத் திணறடிக்கும் கணக்கு இயந்திரத்துக்கு எளிது, ஒரு வயதுக் குழந்தை செய்வதோ கடினம் என்ற கருத்தை ரோபாட்டிக்ஸ் ஆய்வாளர் ஹான்ஸ் மொராவெக் 1988இலேயே எழுதினார். இன்றும் அது பெருமளவு பொருந்துகிறது.

காரணம் தரவுப் பற்றாக்குறை. கட்டுரை எழுதும் கணினி நிரல்களான மொழி மாதிரிகள் மனிதர் எழுதிக் குவித்தவற்றிலிருந்து கற்றன. ஆனால் ஒரு பொருளை எவ்வளவு அழுத்தினால் நழுவாது, எவ்வளவு அழுத்தினால் நசுங்கும் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. 2023இல் பல ஆய்வகங்கள் சேர்ந்து 22 வகை ரோபோக்களின் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட செயல்பதிவுகளைத் திரட்டின; மொழி மாதிரிகளுக்குக் கிடைத்த எழுத்தின் முன் அது மிகச் சொற்பம். கணினியில் சிமுலேஷன் செய்து பழக்கினாலும், நேரில் வரும் உராய்வும் ஈரமும் பற்சக்கரத் தளர்ச்சியும் அந்தப் பயிற்சியைக் குலைத்துவிடுகின்றன.

தங்கள் தோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லம் அருகே அமிர்தபுரியில் உருவான 'அமரன்' என்னும் தென்னை ஏறும் ரோபோ, தண்டை வளையமாகச் சுற்றிப் பிடித்து ஏறிக் குலையை வெட்டும். இயக்குபவர் கீழே நிற்கிறார். மரமேறியோ, முற்றிய காயைத் தட்டிப் பார்த்தே பிரித்தறிந்து, காய்ந்த மட்டையையும் பன்னாடையையும் கழித்து, குருத்தில் காண்டாமிருக வண்டு துளைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு இறங்குகிறார். காற்றில் ஆடும் உச்சியில், ஒன்றை ஒன்று மறைக்கும் ஓலைகளுக்கிடையே இவ்வளவையும் தானாகச் செய்ய வைப்பதில் பார்வை, தொடுவுணர்வு, கட்டுப்பாடு, நம்பகத்தன்மை ஆகிய நான்கு ஆய்வுச் சிக்கல்களும் அடங்கிவிடுகின்றன. இவற்றுள் நம்பகத்தன்மையையே நான் முதலில் வைப்பேன். கட்டுரையில் வந்த பிழையைத் திருத்திக்கொள்ளலாம், அறுபதடி உயரத்திலிருந்து விழுந்த குலையை என்ன செய்வது?

ஆகவே இயந்திரவியலை விடாமல், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, பைத்தான் நிரல்மொழி, லினக்ஸ் இயங்குதளம், ரோபோக்களுக்கான மென்பொருள் தொகுப்பான ஆர்ஓஎஸ் (ROS) ஆகியவற்றை அவர் சேர்த்துக்கொள்ளட்டும். 2024 முதல், பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வில் தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் தனித்தாளாக இருக்கின்றன; இயந்திரவியல் மாணவரும் அதை எழுதலாம். பாலக்காடு ஐஐடி தங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. சேருமுன் அங்குள்ள ஆசிரியர்களின் அண்மைக்கால ஆய்வுக்கட்டுரைகளை அவரைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். துறையின் பெயரைவிட வழிகாட்டி யார் என்பதே முக்கியம்.

கேள்வி: டிப்ளமோ மட்டும் படித்தவருக்கு இத்துறையில் இடம் உண்டா?
– மாணவர், செங்கோட்டை

பதில்: உண்டு, ஆனால் ஆய்வாளராக அல்ல. திருவனந்தபுரத்தில் 2018இல் களமிறங்கிய, பாதாளச் சாக்கடைக் குழியைச் சுத்தம் செய்யும் 'பாண்டிகூட்' போன்ற இயந்திரங்களுக்கு இயக்குநரும் பழுது நீக்குபவரும் தேவை. மோட்டார், சென்சார், இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சிறு கணினியான பிஎல்சி (PLC) ஆகிய மூன்றிலும் கைப்பழக்கம் பெற்றுவிட்டு, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழியையும் திறந்தே வைத்திருங்கள்.