இரண்டு பீரியட்ஸுக்கு நடுவே இரத்தக் கசிவு: காரணம் என்னவாக இருக்கும்?

உங்கள் வயது 27, பெங்களூரில் வேலை. பீரியட்ஸ் முடிந்த பிறகும் நடுநடுவே பழுப்பாகக் கசிகிறது. ஊரிலிருக்கும் அம்மா "உடம்புச் சூடுதான், எண்ணெய் தேய்த்துக் குளி" என்கிறார், இணையத்தில் தேடினால் புற்றுநோய் என்று வருகிறது. எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் தேதிகளைக் குறித்து வையுங்கள். அடுத்த பீரியட்ஸுக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு, ஒன்றிரண்டு நாள் மட்டும் லேசாகப் பட்டால், அது கருமுட்டை வெளியாகும் சமயமாக இருக்கலாம். அப்போது ஹார்மோன் அளவு சற்று இறங்குவதால் சிலருக்குக் கசியும், அதற்கு வைத்தியம் தேவையில்லை. கருத்தடை மாத்திரை ஆரம்பித்த முதல் மூன்று மாதங்களில் இது சகஜம். நடுவில் மாத்திரையை மறந்தாலும், அவசர கருத்தடை மாத்திரை போட்டிருந்தாலும், கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர் டி வைத்த புதிதிலும் வரும். தைராய்டு, பிசிஓஎஸ் (சினைப்பை சம்பந்தமான ஹார்மோன் கோளாறு), கர்ப்பப்பையில் வரும் ஃபைப்ராய்டு கட்டி, கிருமித் தொற்று இவையும் காரணமாகலாம்.

எனக்கும் இப்படிக் கசிந்தது, காரணம் பாலிப் என்கிற சதை வளர்ச்சி. நான் அல்சூரில் இருக்கிறேன், பக்கத்துக் கிளினிக்கில்தான் காட்டினேன். டாக்டரம்மா கருவி வைத்துப் பார்த்ததுமே கர்ப்பப்பை வாயில் பட்டாணி அளவுக்குச் சிவப்பாக ஒரு சதை தொங்குவது தெரிந்துவிட்டது. மயக்க ஊசிகூடப் போடவில்லை. இடுக்கியால் பிடித்துத் திருகி எடுத்தார், லேசாகச் சுண்டி இழுத்தது, அவ்வளவுதான். சின்ன டப்பாவில் போட்டு லேபுக்கு அனுப்பினார்கள், சாதாரணச் சதை என்று ரிப்போர்ட் வந்தது. வெளியே இருந்து பார்த்து இதையெல்லாம் யாராலும் சொல்ல முடியாது, அதனால்தான் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன்.

உடலுறவு வைத்திருந்தால், மருந்துக்கடையில் கர்ப்பப் பரிசோதனை கார்டு வாங்கி இன்றே பார்த்துவிடுங்கள். கர்ப்பம் என்று வந்து, கூடவே அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தலைசுற்றல், தோள்பட்டை வலி இருந்தால் கரு கர்ப்பப்பைக்கு வராமல் குழாயிலேயே தங்கியிருக்க வாய்ப்பு உண்டு. அது உயிருக்கே ஆபத்து, நள்ளிரவானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.

உறவுக்குப் பிறகு இரத்தம் பட்டால் கர்ப்பப்பை வாயைப் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். பெரும்பாலும் தொற்று, புண் மாதிரி சாதாரண விஷயமாகத்தான் இருக்கும். ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் இப்படித்தான் தலைகாட்டும், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம். அதற்காகக் கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனை சில நிமிட வேலை. அப்புறம், உங்கள் அம்மாவுக்கு பீரியட்ஸ் நின்று ஒரு வருடம் தாண்டியிருந்து, ஒரு துளி பட்டாலும் அவரையும் கட்டாயம் காட்டுங்கள்.

கல்யாணம் ஆகாதவர் என்றால் டாக்டரிடம் பேசத் தயக்கம் இருக்கும், புரிகிறது. உறவு உண்டா இல்லையா என்பதைத் தனியாக உள்ளே போய் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள், எந்தப் பரிசோதனை செய்வது என்பதே அதைப் பொறுத்தது. உறவு இல்லையென்றால் வயிற்றின் மேல்தான் ஸ்கேன் வைப்பார்கள், அதற்கு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டும். தனியார் செலவு கட்டுப்படியாகாவிட்டால் கே.ஆர். மார்க்கெட் பக்கத்தில் அரசின் வாணி விலாஸ் மருத்துவமனை இருக்கிறது. கூட்டம் அதிகம், காலையிலேயே போய்ச் சீட்டுப் போட்டுவிடுங்கள்.