எந்த நாட்டில் டிவி பார்க்க எவ்வளவு செலவு? கேள்விகளும் பதில்களும்

டிவி செலவு பற்றி வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் தருகிறேன். தொகையைப் பார்ப்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் நாட்டில் கட்டணம் எதன் மேல் விழுகிறது? வீட்டின் மேலா, டிவி பெட்டியின் மேலா, நேரலை பார்ப்பதன் மேலா, வருமானத்தின் மேலா? அது தெரியாததால்தான் பலர் கட்டவேண்டியதைக் கட்டாமலும், கட்டவேண்டாததைக் கட்டியும் அவதிப்படுகிறார்கள்.

பர்மிங்ஹாம், மாணவர்: அண்ணா, எங்கள் வீட்டில் டிவியே இல்லை. லேப்டாப்பில் தமிழ் சீரியலும் கிரிக்கெட்டும்தான். டிவி பார்ப்பதற்கான கட்டண லைசென்ஸ் எடுக்கச் சொல்லிக் கடிதம் மேல் கடிதம் வருகிறது. எடுக்கணுமா?

தம்பி, பிரிட்டனில் பெட்டி இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. எந்த சேனலாக இருந்தாலும், அது ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்த்தாலோ பதிவு செய்தாலோ லைசென்ஸ் வேண்டும். சேனல் சென்னையிலிருந்து வந்தாலும் இதேதான். இரவு சீரியலை மறுநாள் ஆப்பில் எடுத்துப் பார்த்தால் வேண்டாம். கிரிக்கெட்டை சேனலில் நேரலையாகப் பார்த்தால் வேண்டும். பிபிசியின் இணைய ஆப்பான ஐபிளேயர் மட்டும் விதிவிலக்கு: 2016 செப்டம்பர் முதல், அதில் பழைய நிகழ்ச்சியைப் பார்த்தாலும் லைசென்ஸ் தேவை.

கட்டணம் 2025 ஏப்ரலில் ஆண்டுக்கு 174.50 பவுண்டு ஆனது. பெரும்பாலும் ஏப்ரலில்தான் மாறும், கட்டும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை போட்டால் முதல் ஆண்டின் முழுத் தொகையையும் சுமார் ஆறே மாதத்தில் வாங்கிவிடுவார்கள். அந்தக் கணக்கில் மாதம் 29 பவுண்டு வரும். ஏமாற்றிவிட்டார்கள் என்று பதறவேண்டாம், அடுத்த ஆண்டு பன்னிரண்டு தவணையாகப் பிரிந்து பாதியாகிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டும் முறையில் தவணைக்கு 1.25 பவுண்டு கூடுதல், அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

வீட்டை எல்லோரும் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் எடுத்திருந்தால் ஒரு லைசென்ஸ் போதும். அறைக்கு அறை தனி ஒப்பந்தம் என்றால் நேரலை பார்க்கும் ஒவ்வொருவரும் தனியாக எடுக்கவேண்டும். படிப்பு முடிந்து கிளம்பும்போது ஒரு முழு மாதமாவது பாக்கியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கேட்காமல் தரமாட்டார்கள்.

உண்மையிலேயே நேரலை பார்ப்பதில்லை என்றால் "தேவையில்லை" என்று இணையத்தில் அறிவித்துவிடுங்கள். கடிதம் நிற்கும். பார்த்துக்கொண்டே அப்படி அறிவிக்காதீர்கள், அபராதம் 1,000 பவுண்டு வரை போகும்.

லண்டன்: மொபைலில் மட்டும் பார்த்தாலும் லைசென்ஸா?

ஆம். கருவி எதுவானாலும் விதி மேலே சொன்னதுதான்.

லெஸ்டர்: ஆண்டுக்கு ஒருமுறை சின்னத் தொகை கட்டினால் ஆயிரக்கணக்கான சேனல் தரும் பெட்டி ஒன்று விற்கிறார்கள். அதை வாங்கினால் லைசென்ஸ் செலவு மிச்சமா?

மிச்சமில்லை. நேரலை பார்க்கிறீர்கள், அதனால் லைசென்ஸ் அப்படியே இருக்கிறது. அதற்கு மேல், உரிமை இல்லாமல் சேனலைத் திருடி விற்பவரிடம் பணமும் கார்டு எண்ணும் கொடுக்கிறீர்கள். சர்வரை முடக்கிய அன்று படம் நிற்கும், விற்றவரின் எண்ணும் எடுக்காது. வாங்காதீர்கள்.

ஹாம்பர்க், மூன்று பேர் தங்கும் வீடு: மூன்று பேருக்கும் தனித்தனியாகக் கட்டணக் கடிதம் வந்திருக்கிறது. மூன்று பேரும் கட்டணுமா?

வேண்டாம். ஜெர்மனியில் 2013 முதல் பொது ஒளிபரப்புக் கட்டணம் வீட்டுக்கு ஒன்று. டிவி, ரேடியோ எதுவுமே இல்லாவிட்டாலும் உண்டு. 2021 ஆகஸ்ட் முதல் மாதம் 18.36 யூரோ, மூன்று மாதத்துக்குச் சேர்த்து 55.08. ஒருவர் பதிவு செய்து கட்டட்டும். அவருக்குக் கிடைக்கும் கட்டண எண்ணை மற்ற இருவரும் தங்கள் கடிதத்துக்கான பதிலில் எழுதி அனுப்பினால் போதும். ஆளுக்கு மாதம் 6.12 யூரோவில் முடிந்துவிடும்.

எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மாநகராட்சியில் முகவரியைப் பதிந்ததும் தகவல் கட்டண அலுவலகத்துக்குப் போய்விடுகிறது. கடிதத்தை மூலையில் போட்டால் குடிவந்த மாதத்திலிருந்து கணக்கு ஏறும், தாமதக் கட்டணம் குறைந்தது 8 யூரோ சேரும், கடைசியில் ஜப்தி வரை போகும். பதில் போடாமல் இருப்பதுதான் இதில் மிக விலையுயர்ந்த வழி.

வாடகைக் கணக்கையும் ஒருமுறை பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் கேபிள் டிவி செலவை வீட்டு உரிமையாளர் இதர செலவுக் கணக்கில் சேர்த்து உங்கள் தலையில் கட்ட முடியாது. அந்த வரி இன்னும் இருந்தால் எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். ஆன்டெனா வைத்தால் பொதுத்துறை சேனல்கள் தெளிவாக, கூடுதல் செலவில்லாமல் வரும். தனியார் சேனல்களை எச்டியில் பார்க்கத்தான் தனிச் சந்தா.

சூரிக்: டிவியே இல்லாதவனிடம் ஆண்டுக்கு 335 பிராங்க் வாங்குவது எந்த ஊர் நியாயம் ஐயா?

உங்கள் கோபம் புரிகிறது. சுவிட்சர்லாந்தில் கருவியே இல்லாத வீடுகள் விலக்கு கேட்க 2023 கடைசி வரை வழி இருந்தது. அதுவும் இப்போது இல்லை. ஆனால் கருவியை வைத்துக் கட்டணம் வாங்கிய காலத்தை நினைத்துப் பாருங்கள். ஜெர்மனியில் 2012 வரை ரேடியோ மட்டும் இருந்தால் 5.76 யூரோ, டிவி இருந்தால் 17.98. எது இருக்கிறது என்று பார்க்க ஆள் வந்து கதவைத் தட்டுவார். போனும் கணினியும் டிவியாகிவிட்ட பிறகு அந்தக் கணக்கு நிற்காது. வீட்டுக்கு ஒன்று என்றால் உங்கள் அறைக்குள் யாரும் எட்டிப்பார்க்க வேண்டியதில்லை.

சூரிக் (மீண்டும்): எட்டிப்பார்க்கவில்லை, சரி. ஆனால் ஓய்வூதியத்தில் தனியாக வாழும் பாட்டியும், இரண்டு டாக்டர்கள் சம்பாதிக்கும் வீடும் ஒரே 335 கட்டுவது?

இது பலமான வாதம், இதில் நான் உங்கள் பக்கம். வசூலிக்கும் முறை சரி, எல்லோருக்கும் ஒரே தொகை என்பது தவறு. ஓய்வூதியத்தோடு அரசின் துணைநிலை உதவித்தொகையும் பெறும் முதியவர் விண்ணப்பித்தால் விலக்கு உண்டு. அந்தப் பாட்டிக்குத் தகுதி இருந்தால் உடனே எழுதிப்போடச் சொல்லுங்கள். தொகை 2027-ல் 312, 2029-ல் 300 என்று குறையப்போகிறது. கட்டணத்தையே ஒழிக்கும் யோசனையை 2018 மார்ச் வாக்கெடுப்பில் 71.6 சதவீதம் பேர் நிராகரித்தார்கள் என்பதையும் மறக்கவேண்டாம்.

ஸ்டாக்ஹோம்: குறுக்கிடுகிறேன். ஸ்வீடனில் 2019 முதல் இது வருமான வரியோடு போகிறது, வருமானம் இல்லாத மாணவர் ஒன்றும் கட்டுவதில்லை. அதுதானே நியாயம்?

என் மதிப்பீட்டில் அதுதான் சிறந்தது. வரிக்குரிய வருமானத்தில் 1 சதவீதம், அதற்குத் தலைக்கு ஓர் உச்சவரம்பு, 2019-ல் அது சுமார் 1,350 குரோனா. நஷ்டப்பட்டவர்களும் உண்டு: 2018-ல் வீட்டுக்கு 2,400 குரோனா, 2019-ல் நன்றாகச் சம்பாதிக்கும் தம்பதி ஆளுக்கு ஆள் கட்டி அதைத் தாண்டினார்கள். தாங்கக்கூடியவர்கள் தாங்குகிறார்கள், அதில் தவறில்லை.

பாரிஸ்: எங்களுக்கு 138 யூரோ கட்டணத்தை 2022-ல் ஒழித்தேவிட்டார்களே! எல்லோரும் அப்படிச் செய்யலாமே?

ஒழித்தது கட்டணத்தை, செலவை அல்ல. அந்தப் பணம் பொது வரியிலிருந்து போகிறது. தனிக் கட்டணம் இருந்தால் அடுத்த ஆண்டு எவ்வளவு வரும் என்று ஒளிபரப்பு நிறுவனத்துக்குத் தெரியும். பொது நிதி என்றால் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் அரசின் கையைப் பார்க்கவேண்டும். அரசை விமர்சிக்கும் செய்திப் பிரிவுக்கு அது நல்லதல்ல. இதைப் பற்றி இன்னும் ஐந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் என் பதில் இதுதான். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

மதுரை: 130 ரூபாய் என்று சொன்ன கேபிளுக்கு பில் ஏன் ஏறிக்கொண்டே போகிறது சார்?

130 என்பது இணைப்புக் கட்டணம் மட்டும். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 153.40. கட்டணச் சேனல்களின் விலை அதற்கு மேல்: 19 ரூபாய் சேனல் ஒன்று வரியோடு 22.42. அந்த 130 உச்சவரம்பையும் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 ஜூலையில் நீக்கிவிட்டது, அதனால் ஆபரேட்டருக்கு ஆபரேட்டர் மாறும்.

பில்லைக் குறைக்க முதலில் பார்க்கவேண்டியது, ஒரே சேனலை சாதாரணத்திலும் எச்டியிலும் இரண்டு முறை வாங்கியிருக்கிறீர்களா என்பதை. பல பில்களில் இந்த இரட்டிப்பு இருக்கிறது. அடுத்து, தொகுப்பில் நீங்கள் உண்மையில் பார்ப்பது மூன்று நான்கு சேனல்தான் என்றால் தனித்தனியாக எடுத்துக் கூட்டிப்பாருங்கள்.

சென்னை: மாதச் சந்தாவே இல்லாமல் பார்க்க வழி?

டிடி ஃப்ரீ டிஷ். டிஷ், அதன் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பி, பாக்ஸ், கேபிள் ஒருமுறை வாங்குவதோடு சரி. செயற்கைக்கோள் 93.5 பாகை கிழக்கில் இருக்கிறது. சென்னையிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில், தரையிலிருந்து சுமார் 68 பாகை உயரத்தில். அந்தப் பக்கம் தென்னை மட்டையோ தண்ணீர்த் தொட்டியோ மறைக்கக்கூடாது. பாக்ஸ் எம்பெக்-4 வகையாக இருக்கட்டும். எம்பெக்-2 பாக்ஸில் ஒரு பகுதி சேனல்கள் வராது. இரண்டு டிவி என்றால் இரண்டு பாக்ஸும் இரட்டை வாய் எல்என்பியும் தேவை. எல்லாத் தமிழ் சேனலும் இதில் இருக்காது, தெரிந்தே வாங்குங்கள்.

நியூ ஜெர்சி: விளம்பரத்தில் ஒரு விலை, கேபிள் பில்லில் இன்னொரு விலை. ஏன்?

உள்ளூர் சேனல் கட்டணம், விளையாட்டுச் சேனல் கட்டணம் என்று கீழே சேர்ப்பார்கள். இவற்றையும் சேர்த்து ஒரே விலையாகக் காட்டவேண்டும் என்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2024-ல் விதி கொண்டுவந்தது. பாக்ஸ் வாடகையும் வரியும் அதில் அடங்காது. டிவிக்கு ஒரு பாக்ஸ் என்றால் வாடகையும் அத்தனை மடங்கு. அமெரிக்காவில் லைசென்ஸ் கிடையாது. ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ், பிபிஎஸ் எல்லாம் ஆன்டெனாவில் இலவசம். தட்டையான உள்ளறை ஆன்டெனா விஎச்எஃப் அலைவரிசையில் தடுமாறும். உங்கள் பகுதியில் அந்த அலைவரிசைச் சேனல் இருக்கிறதா என்று எஃப்சிசி வரைபடத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். மாட்டியதும் ஸ்கேன், பிறகு அவ்வப்போது மறு ஸ்கேன்.

டொராண்டோ: ஆயிரம் சேனல் பெட்டி...

வாங்காதீர்கள். லெஸ்டர் நண்பருக்குச் சொன்னதைப் படியுங்கள். கனடாவில் லைசென்ஸும் இல்லை.

கிளாஸ்கோ: டேப்லெட்டில் பார்த்தால்...

முதல் பதில்.

சிங்கப்பூர்: லைசென்ஸ் இன்னும் உண்டா?

2011-லேயே போய்விட்டது.

மிலான்: மின்கட்டணத்தில் டிவிக்கு மாதம் 9 யூரோ வருகிறது. டிவி இல்லை.

ஆண்டுக்கு 90 யூரோ, பத்து மாதத்தில் பிரித்து எடுக்கிறார்கள். டிவி இல்லை என்ற உறுதிமொழியை ஜனவரி 31-க்குள் கொடுத்தால் அந்த ஆண்டு முழுதும் விலக்கு. ஜூன் 30-க்குள் என்றால் பின்பாதிக்கு மட்டும். ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கொடுக்கவேண்டும்.

பிரஸ்ஸல்ஸ்: மின்சாரச் செலவையும் கணக்கில் சேர்க்கணுமா?

கட்டாயம். ஐரோப்பிய லேபிளில் 1,000 மணிக்கு எத்தனை யூனிட் என்று இருக்கும். 80 என்றால், தினம் நான்கு மணி நேரத்துக்கு ஆண்டுக்கு சுமார் 117 யூனிட். பார்க்காத நேரத்திலும் 10 வாட் இழுக்கும் பழைய செட்-டாப் பாக்ஸ் நாள் முழுதும் சொருகியே இருந்தால் 87.6 யூனிட் ஆகிவிடும். இரவில் சுவிட்சை அணையுங்கள்.

நாக்பூர்: எந்த பிராண்ட் டிவி வாங்கலாம்?

அது இங்கே வேண்டாம், வேறு தலைப்பில் கேளுங்கள்.

டோக்கியோ: ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயிலிருந்து ஆள் வந்து சாட்டிலைட் கட்டணம் கட்டச் சொல்கிறார். நான் டிஷ்ஷே மாட்டவில்லை.

கட்டிடத்தின் மாடியில் பொது சாட்டிலைட் ஆன்டெனா இருந்து, உங்கள் டிவியிலும் அந்தச் சிக்னலைப் பிடிக்கும் டியூனர் இருந்தால் சாட்டிலைட் ஒப்பந்தம்தான்: 2023 அக்டோபர் குறைப்புக்குப் பின் மாதம் 1,950 யென். தரைவழி மட்டும் என்றால் 1,100. சுவரில் இருக்கும் இணைப்பையும் டிவியின் பின்புறத்தையும் பார்த்துவிட்டு ஒப்பந்தம் போடுங்கள். பெறும் கருவியும் இல்லை, என்எச்கேயின் இணையச் சேவையையும் பயன்படுத்துவதில்லை என்றால் ஒப்பந்தம் தேவையில்லை. டியூனர் இல்லாத டிவிகளும் விற்கின்றன. கருவி இருந்தும் உரிய காலத்தில் விண்ணப்பிக்காவிட்டால் கட்டணத்தோடு அதன் இரு மடங்கு கூடுதலாகக் கேட்க 2023 ஏப்ரல் முதல் அவர்களுக்கு உரிமை உண்டு.

மியூனிக்: வேலை முடிந்து ஊருக்குத் திரும்புகிறேன். கட்டணம் தானாக நின்றுவிடுமா?

நிற்காது. மாநகராட்சியில் பதிவை நீக்குவது வேறு, கட்டண அலுவலகத்தில் நீக்குவது வேறு. பதிவு நீக்கச் சான்றின் நகலோடு, வெளிநாட்டுக்குக் குடிபெயர்கிறேன் என்று அவர்களுக்குத் தனியாக எழுதுங்கள், கட்டண எண்ணைக் குறிப்பிடுங்கள், உறுதிக் கடிதம் கைக்கு வரும்வரை வங்கிக் கணக்கை மூடாதீர்கள். வீட்டில் மற்றவர்கள் தொடர்ந்து தங்கினால், நீங்கள் கிளம்பும் முன்பே அவர்களில் ஒருவர் தன் பெயரில் பதிந்துகொள்ளட்டும்.