நூட்கா சைப்ரஸ்: ஒரே மரத்துக்கு எத்தனை பெயர்?

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், அலாஸ்காவிலிருந்து கலிஃபோர்னியாவின் வடகோடி வரை வளரும் பசுமை மாறா மரம் நூட்கா சைப்ரஸ். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

இதை ‘மஞ்சள் சீடர்’ என்று விற்கிறார்களே, இது சீடரா, சைப்ரஸா?

சைப்ரஸ்தான். அசல் சீடர் பார்க்க வேண்டுமென்றால் இமயமலைத் தேவதாருவைப் பாருங்கள். அது பைன் குடும்பம். இந்த மரத்தின் வைரம் (தண்டின் நடுக்கட்டை) மஞ்சளாக இருக்கும், வாசனை உண்டு, சீக்கிரம் உளுத்துப் போகாது. ‘சீடர்’ என்பது வெறும் வியாபாரப் பெயர்.

சார், தாவரவியல் படிக்கிறேன். இதன் அறிவியல் பெயர் ஒரு புத்தகத்தில் கேமேசைபாரிஸ், இன்னொன்றில் குப்ரெசஸ், வேறொன்றில் கேலிட்ரோப்சிஸ். எதைத்தான் எழுதுவது?

உங்கள் எரிச்சல் நியாயமானது. வான்கூவர் தீவின் நூட்கா கடற்கழியில் மென்சீஸ் என்ற இயற்கையியலாளர் சேகரித்த மாதிரியை வைத்து, 1824இல் தாவரவியலாளர் டேவிட் டான் இதைக் குப்ரெசஸ் பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதி, ஆங்கிலத்தில் genus) சேர்த்தார். அப்புறம், இலைக்கொத்து தட்டையாக இருக்கிறதே என்று கேமேசைபாரிஸுக்கு மாற்றினார்கள். அங்கே இது ஒட்டவே இல்லை. அந்தப் பேரினத்தில் விதை தாங்கும் கூம்பு ஒரே வருடத்தில் முற்றும். இதற்குப் பெரும்பாலும் இரண்டு வருடம் பிடிக்கும், குப்ரெசஸ் போல.

1999இல் வியட்நாமின் சுண்ணாம்புக்கல் மலைகளில் இதன் சாயலில் ஒரு மரம் கிடைத்தது. இரண்டையும் சேர்த்து 2002இல் ஸாந்தோசைபாரிஸ் என்று புதுப் பேரினம் உண்டாக்கினார்கள். ஆனால் நூட்கா மரத்துக்கு 1864இலேயே ஓர்ஸ்டெட் என்ற தாவரவியலாளர் ‘கேலிட்ரோப்சிஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்! பெயரிடும் விதிப்படி பழைய பெயருக்கே முதல் உரிமை. பிறகு மரபணு ஆய்வுகள் வந்து பழைய குப்ரெசஸையே கலைத்துப் போட்டன. அமெரிக்க சைப்ரஸ்களைத் தனியே பிரித்து, 2009இல் ஹெஸ்பரோசைபாரிஸ் என்றார்கள்.

இவற்றையெல்லாம் ஒரே வீடாகப் பார்ப்பவர்கள் குப்ரெசஸ் என்கிறார்கள், பாகம் பிரிப்பவர்கள் கேலிட்ரோப்சிஸ் என்கிறார்கள். நான் பின்னவர் பக்கம். தேர்வில் உங்கள் பாடநூல் சொல்வதை எழுதிவிட்டு, மற்றதை இணைப்பெயராக (அதே மரத்தின் மாற்று அறிவியல் பெயராக) குறிப்பிடுங்கள். கேமேசைபாரிஸ் மட்டும் வேண்டாம்.

ஊட்டியில் பார்க்கும் சைப்ரஸ் இதுதானா?

இல்லை. நீலகிரியில் ஆங்கிலேயர் காலத்திலிருந்து நட்டு வருவது கலிஃபோர்னியாவின் மான்டரே சைப்ரஸ். ஆனால் இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு. 1888இல் வேல்ஸில் ஒரு தோட்டத்தில் அருகருகே நின்ற இந்த இரண்டும் தாமாகவே கலந்து பிறந்ததுதான், இங்கிலாந்தில் வேலிச் சண்டைகளுக்குப் பேர்போன லேலண்ட் சைப்ரஸ்.

அலாஸ்காவில் இந்த மரங்கள் கூட்டமாகப் பட்டுப்போகின்றனவாமே, பூச்சியா?

பூச்சி இல்லை, குளிர். வெப்பம் ஏறுவதால் குளிரில் சாகிறது என்றால் விநோதமாகத்தான் இருக்கும். இதன் சல்லி வேர்கள் மேல்மண்ணிலேயே பரவும். பனிப்போர்வை கனமாக இருந்தவரை அவை பத்திரமாக இருந்தன. இப்போது பனி குறைந்து தரை வெறுமையாகிறது. வசந்தத்துக்கு முன் திடீரென வரும் உறைகுளிரில் வேர்கள் உறைந்து சாகின்றன. தென்கிழக்கு அலாஸ்காவில் லட்சக்கணக்கான ஏக்கரில் வெளுத்த மரங்கள் மொட்டையாக நிற்கின்றன.

இதன் எண்ணெய் கொசுவை விரட்டுமா?

எண்ணெயை அப்படியே பூசிக்கொள்ளாதீர்கள். அதில் உள்ள நூட்கடோன் என்ற பொருள்தான் விரட்டுவது. பெயரே இந்த மரத்திலிருந்து வந்தது. கிரேப்ஃப்ரூட் பழத்தின் வாசனையிலும் அது உண்டு. கொசு, உண்ணி இரண்டுக்கும் எதிராக அதைப் பயன்படுத்த 2020இல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. இப்போது ஈஸ்ட்டைக் கொண்டே தயாரிக்கிறார்கள், மரத்தை வெட்ட வேண்டியதில்லை.