வாசகர் கேள்வி – பதில்: பிரெய்ரியில் ஒரு நாள் சைக்கிள் பயணம்

கேள்வி: என் மகள் இந்தக் கோடையில் கனடாவின் வான்கூவரிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் சைக்கிள் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். ராக்கி மலைப் பகுதியில் நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் குறித்திருப்பவர்கள், பிரெய்ரி எனும் சமவெளியில் உள்ள சஸ்காட்சவான் மாகாணத்தில் ஸ்விஃப்ட் கரண்டிலிருந்து மூஸ் ஜா வரை ஏறத்தாழ 175 கிலோமீட்டரை ஒரே நாளில் வைத்திருக்கிறார்கள். சமவெளி என்பதால் அவ்வளவு எளிதா?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: எளிது என்று எண்ணி எவரும் அப்படி வைப்பதில்லை. அந்தத் தூரத்தை முடிவு செய்வது ஊர்களின் இடைவெளி. ரயில் பாதை போட்ட காலத்தில், குதிரை வண்டியில் தானியம் கொண்டுவரும் விவசாயி அன்றே வீடு திரும்பும்படி, பாதையோரம் அடுத்தடுத்துச் சிற்றூர்கள் எழுந்தன. லாரியும் நல்ல சாலையும் வந்தபின் அவற்றில் பல தேய்ந்துபோக, 20 பேர் கூடாரமடித்துக் குளித்துச் சமைத்து உண்ண வசதியுள்ள ஊர்கள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் நின்றுவிட்டன. ராக்கியைக் கடந்து வந்த கால்கள் அதற்குள் பழகியிருக்கும் என்பதும் கணக்கில் உண்டு. கிழக்கே போகப்போக நிலம் 200 மீட்டருக்கு மேல் தாழ்கிறது; ஆனால் இத்தனை தூரத்துக்குப் பரவிய இறக்கம் கால்களுக்குத் தெரிவதில்லை.

தெரிவதெல்லாம் காற்றுதான். அது பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுகிறது. நாடு கடக்கும் குழுக்கள் பல மேற்கிலிருந்தே புறப்படுவது அதை நம்பித்தான். ஆனால் அது திசை மாறும் நாளும் வரும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுபவரை 30 கிலோமீட்டர் வேக எதிர்காற்று எதிர்கொண்டால், அவர் உடலில் மோதும் காற்றின் வேகம் 50. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், காற்றில்லாத நாளைவிட ஆறு மடங்குக்கும் மேலான தடையைத் தள்ள வேண்டியிருக்கும். அது இயலாமல் வேகம் 12, 13 என்று விழும். நல்ல பின்காற்றில் ஆறு மணி நேரத்தில் முடியக்கூடிய அதே சாலை, அன்று 13 மணி நேரத்துக்கும் மேல் இழுக்கும். மலையேற்றத்தில் உச்சி கண்ணில் படும். இதில் அந்த ஆறுதலும் கிடையாது.

வெயில் ஏற ஏறக் காற்றும் வலுக்கும் என்பதால், விடிந்ததும் கிளம்புவதே புத்திசாலித்தனம். ஜூன் இறுதியில் அங்கே பகல் 16 மணி நேரம் நீள்வதால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. வழியிலுள்ள சிற்றூர்க் கடை திறந்திருக்கும் என்று நம்பாமல் மூன்று லிட்டர் தண்ணீராவது கையில் இருக்கட்டும். பசித்த பிறகு சாப்பிடலாம் என்றிருந்தால் காலம் கடந்துவிடும். வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியை மணிக்கொரு முறை தின்னச் சொல்லுங்கள். வெடித்துச் சிதறிய லாரி டயர்களின் மெல்லிய எஃகுக் கம்பித் துணுக்குகள் சாலையோரத்தில் கிடந்து பஞ்சராக்கும். அவற்றை விரலால் எடுக்க முடியாது என்பதால் ஒரு முள்வாங்கியும் பையில் இருக்க வேண்டும். இடி கேட்டால் உடன்வரும் வண்டிக்குள் ஏறிக்கொண்டு, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் வெளியே வரக் கூடாது. அந்த வெளியில் சைக்கிளில் இருப்பவரைவிட உயரமாக எதுவும் இல்லாமல் போகலாம்.

கேள்வி: குழுவாக ஓட்டுபவர்கள் ஒருவர் முதுகை ஒருவர் உரசுவதுபோல் செல்கிறார்களே, ஏன்?
– வாசகர், திருச்சி

பதில்: முன்னவர் பிளந்த காற்றின் நிழலில் செல்வதற்காகத்தான், பின்னவருக்குக் காற்றின் தடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். முன்னே செல்பவர் சில நிமிடங்களில் களைத்து விலகி வரிசையின் கடைசிக்குப் போக, அடுத்தவர் அந்த இடத்தை ஏற்பார். பக்கக்காற்றில் சாய்வரிசையாக ஓட்டினால்தான் இந்த நிழல் கிடைக்கும். ஆனால் லாரிகள் விரையும் நெடுஞ்சாலையின் ஓரப்பட்டையில் அதற்கு இடமில்லை என்பதால், பக்கக்காற்று நாளில் குழுவின் பயன் பாதியாகிவிடுகிறது. பல நாள் களைப்பில் முன்சக்கரத்தைத் தட்டி விழுவதும் உண்டு. முன்பின் பழகாதவரின் பின்னால் ஒட்டி ஓட்டாதிருப்பதே நலம்.

கேள்வி: நாள் முழுதும் ஒரே வயல். சலிக்காதா?
– வாசகர், சேலம்

பதில்: சலிக்கும், மறுப்பதற்கில்லை. வெகு தொலைவிலேயே கண்ணில் படும் தானியம் சேமிக்கும் கோபுரம் ஒரு மணி நேரம் ஆகியும் கிட்டே வராதிருப்பது பொறுமையைச் சோதிக்கும். ஆனால் இந்தச் சாலையின் நடுவழியில் சாப்ளின் ஏரி இருக்கிறது. சலவைத் தூளில் சேர்க்கும் சோடியம் சல்பேட்டை அங்கே எடுத்து வெண்குன்றுகளாகக் குவித்திருப்பதால், கோடையில் பனி பெய்ததோ என்று தோன்றும். வடதுருவப் பகுதிக்குப் போய்வரும் உள்ளான் இனப் பறவைகள், அந்த உப்புநீரில் வாழும் சிறு இறால்களைத் தின்ன ஆயிரக்கணக்கில் இறங்குகின்றன. மதிய உணவை அங்கே வைத்துக்கொண்ட குழு கொடுத்துவைத்தது. மாலையில் மூஸ் ஜாவின் எல்லையில், 1984-இல் நிறுவிய பிரம்மாண்டமான மூஸ் மான் சிலை வரவேற்கும். நார்வேயில் அதைவிட 30 சென்டிமீட்டர் உயரமான சிலை எழுந்துவிட்டதற்காக, 2019-இல் இதன் கொம்புகளைப் பெரிதாக்கி முதலிடத்தை மீட்டார்கள்.