துருஷெவார் கதையில் தேதி இடிப்பது பற்றி

வணக்கம் சகோ. உங்கள் கதையில் ஒட்டோமான் (பழைய துருக்கிப் பேரரசு) இளவரசி துருஷெவாரை இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனை அந்தப்புரத்தில் வளர்ந்தவராக எழுதியதில் தேதி இடிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். இடிக்கத்தான் செய்யும். அரச குடும்பம் 1856லேயே தோப்காபியை விட்டு தோல்மாபாச்சே அரண்மனைக்குக் குடிபோய்விட்டது. இவர் பிறந்தது 1914ல். இன்னொன்று, அப்பா இரண்டாம் அப்துல்மெஜித் சுல்தானே அல்ல. 1922 நவம்பரில் சுல்தான் பட்டத்தை ஒழித்தபின் வெறும் கலீபாவாக (முஸ்லிம்களின் சமயத் தலைவராக) உட்கார வைக்கப்பட்டவர். ஆனால் நல்ல ஓவியர். பெண்கள் வயலினும் பியானோவுமாக பீத்தோவன் வாசிக்க, ராணுவ உடுப்பில் தானே உட்கார்ந்து கேட்பதாக ஒரு படம் வரைந்திருக்கிறார். அந்த வீட்டைக் கதைக்குள் கொண்டுவாருங்கள், ஹம்மாம் (துருக்கிக் குளியல் அறை) நீராவியை விட்டுவிடுங்கள் (எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள்).

உச்சக்கட்டம் 1924 மார்ச். கலீபா பதவியும் பறிபோன இரவிலேயே குடும்பத்தைக் காரில் ஏற்றி, இஸ்தான்புல் நகரத்து ரயில் நிலையத்தைத் தவிர்த்து, வெளியே சத்தல்ஜாவில் ரயிலேற்றிவிட்டார்கள். சிறுமிக்கு வயது பத்து. பிறகு சுவிட்சர்லாந்து, நீஸ். 1931 நவம்பரில் நீஸிலேயே ஐதராபாத் நிஜாமின் மூத்த மகன் ஆசம் ஜாவுடன் நிக்காஹ். கூடவே இளைய மகனை மணந்த நிலோஃபர் வேறு ஆள். அவரும் தாய்வழியில் ஒட்டோமான் அரச குடும்பம்தான்.

முடிவை ஐதராபாத்தில் வைக்க வேண்டாம் என்பேன். 1944ல் பாரிசில் இறந்த அப்பாவின் உடலைத் துருக்கி ஏற்கவில்லை; பத்து வருஷம் அங்கே மசூதியில் கிடந்து, கடைசியில் மதீனாவில் அடக்கம். மகள் 2006ல் லண்டனில் காலமானார், அடக்கமும் இங்கிலாந்திலேயே. ரயில் காட்சி எழுதியதும் இங்கே போடுங்கள், படித்துச் சொல்கிறேன்.