மொகாவியின் சீமா எரிமலைக் களம்: கேள்வி பதில்

கலிபோர்னியாவின் மொகாவி தேசியக் காப்பகத்துக்குள் சுமார் 40 சிறு எரிமலைக் கூம்புகள், 60க்கு மேற்பட்ட லாவா ஓட்டங்கள். அவற்றைப் பற்றி வந்த கேள்விகள்.

கே: தக்காணமும் பசால்ட்தானே (லாவா ஆறி இறுகிய கரும்பாறை) சார், இது ஏன் இத்தனை சின்னது?

ப: தக்காணத்தில் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் லாவா வெள்ளமாகவே பரவியது. சீமாவில் கொஞ்சம் பாறைக்குழம்பு கிளம்பும், கக்கும், ஓயும். அடுத்தது பெரும்பாலும் வேறிடத்தில் வெடிக்கும்.

கே: உச்சியில் வாய் இருக்க, லாவா அடிவாரத்தில் வெளியேறுவது ஏன்?

ப: கூம்பு என்பது ஒட்டாத நுரைக்கல் குவியல். வாயு பிரிந்து கனத்த குழம்பை உச்சிவரை தாங்க அதற்கு வலுவில்லை. சில சமயம் ஒரு பக்கமே பெயர்ந்து மிதந்து போய்விடும்.

கே: கண்ணால் பார்த்தே வயது சொல்லலாமா?

ப: ஓரளவு. இளைய ஓட்டம் கருப்பாக, மேடும் பள்ளமுமாக இருக்கும். வயதேற ஏறப் பள்ளங்கள் தூர்ந்து, தளம் பாவியதுபோல் கற்கள் நெருங்கிப் படுக்கும். காற்று மண்ணை அள்ளிக்கொண்டு போனதால் கல் மிஞ்சியது என்று பலர் எழுதுகிறார்கள். இங்கே நடந்தது நேர்மாறு. வறண்ட ஏரிப் படுகைகளிலிருந்து வரும் தூசி கல்லிடுக்கில் இறங்கி அடியில் சேர, கற்கள் மேலேயே தங்கி உயர்ந்தன. அந்தக் கற்களில் அண்டக்கதிர்களால் உண்டான ஹீலியம்-3, அவை எப்போதும் மேலேயே இருந்தன என்று காட்டி இதை உறுதிப்படுத்தியது. ஒரு எச்சரிக்கை: மிகப் பழைய ஓட்டங்களில் அடிமண் இறுகி, மழைநீர் உள்ளிறங்காமல் ஓடித் தளத்தை அரித்துவிடும். கல்தளம் இல்லை என்பதால் இளையது என்று முடிவு கட்டாதீர்கள்.

கே: வயதை அளக்கப் பொட்டாசியம்-ஆர்கான் முறை போதாதா?

ப: இளம் ஓட்டங்களுக்குத் தடுமாறும். பாறையிலுள்ள பொட்டாசியம்-40 சிதைந்துதான் ஆர்கான் சேரும்; அதில் பாதி சிதையவே (அரை ஆயுள்) 125 கோடி ஆண்டு. சில பத்தாயிரம் ஆண்டில் சேரும் ஆர்கான் மிகச் சொற்பம். போதாக்குறைக்கு, ஆழத்திலிருந்து லாவா தூக்கி வந்த மேன்டில் (புவி ஓட்டுக்குக் கீழுள்ள அடுக்கு) துணுக்குகள் பழைய ஆர்கானைச் சுமந்திருந்தால் வயது கூடிக் காட்டும். நொறுக்கிய மாதிரியிலிருந்து துணுக்குகளையும் பெரிய படிகங்களையும் பொறுக்கி நீக்கிவிட்டே அளக்க வேண்டும்.

கே: லாவா குகைக்குள் போகலாமா?

ப: போகலாம். பேக்கர் என்ற ஊரிலேயே பெட்ரோல், தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். கெல்பேக்கர் சாலையிலிருந்து ஏக்கன் மைன் மண்பாதையில் சுமார் 5 மைல். மணலில் தாழ்வான கார் சிக்கும். இரும்பு ஏணியில் இறங்கியதும் ஓரிடத்தில் குனிந்துதான் நுழைய வேண்டும். கூரை ஓட்டைகள் வழியே வெயில் கம்பமாய் இறங்குவது நண்பகலை ஒட்டித்தான். ஆளுக்கொரு டார்ச், உபரியாக ஒன்று. கோடையில் வேண்டாம்.

கே: ஒரே ஒரு கல் எடுத்துப் போகலாமா?

ப: கூடாது. ஆய்வுக்கென்றாலும் அனுமதிச் சீட்டு வேண்டும்.