படத்தில் தங்கம் ஏன் கடுகு விழுதாகிறது?

கேள்வி: மாங்காய் மாலைக்கு டிசைன் வரைந்து பழகுகிறேன். பென்சில் கோட்டில் நன்றாகவே இருக்கிறது. கலர் அடித்ததும் தங்கம் கடுகு விழுதுபோல ஆகிவிடுகிறது. கெம்பு, குங்குமப் பொட்டு மாதிரி தட்டையாகக் கிடக்கிறது. பட்டறையில் காட்டினால், "இதை வெச்சு எடை சொல்ல முடியாதும்மா" என்கிறார் ஆசாரி. எங்கே தப்பு?
– வாசகி, காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: தங்கத்தை மஞ்சளில் தேடுகிறீர்கள், அதுதான் தப்பு. துலக்கிய பித்தளைச் சொம்பு ஒன்றை, ஜன்னல் இடப்பக்கம் வருகிற மாதிரி வைத்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். மஞ்சள் என்று சொல்லக்கூடிய இடம் அதில் பாதிகூட இருக்காது. வெளிச்சம் பட்ட இடம் வெள்ளை. அதை ஒட்டியே காப்பிப்பொடி நிறத்தில் இருட்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சட்டென்று மாறுகிறது. அந்தச் 'சட்டென்று'தான் மெருகு. பிரஷ்ஷால் குழைத்துக் குழைத்து ஒட்டவைத்தால் பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் ஆகிவிடும். இன்னும் குழைத்தால் கடுகு விழுது.

நிழலுக்குக் கறுப்பைக் கலக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். மஞ்சளோடு கறுப்பு சேர்ந்தால் பாசிப்பச்சை அடிக்கும். பென்சில் கரியும் அதையே செய்யும். அதனால் கலருக்கு முன்னால், பிசையும் ரப்பரால் கோட்டை ஒற்றி எடுத்து மங்கலாக்குங்கள், தேய்க்க வேண்டாம். அடிநிறம் எல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள். நிழலுக்கு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, ஆழமான இருட்டுக்கு பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு. வெளிச்சத்துக்கு லெமன் எல்லோ கலந்த வெள்ளை, கடைசிப் புள்ளிக்குச் சுத்த வெள்ளை. அடிநிறத்தை மறைக்கும் கெட்டியான வாட்டர் கலரான கௌவாஷ்தான் இதற்கு ஏற்றது. காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் அது கரையும் என்பதால், ஒரே இடத்தில் மூன்றாம் முறை பிரஷ் வைத்தால் அடிநிறம் கிளம்பி வந்துவிடும். 0, 000 எண் மெல்லிய பிரஷ் இரண்டும் போதும். வெள்ளைப் பேப்பரில் வெள்ளை வெளிச்சம் எடுபடாது. சாம்பல் நிறப் பேப்பர் வாங்குங்கள். சொரசொரப்பான டிராயிங் பேப்பரில் மெல்லிய கோடு உடைந்து உடைந்து வரும்.

இனி மாங்காய். தோதாபுரி விளையும் ஊர்ப்பக்கம் இருப்பவருக்கு அந்த மூக்கின் வளைவைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 18 மி.மீ. உயரம், 12 மி.மீ. அகலம் என்று ஒரே ஒரு மாங்காயை டிரேசிங் பேப்பரில் திருத்தமாக வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். மாலை முழுவதற்கும் அதுவே அச்சு. வெளிச்சம் எப்போதும் இட மேல்மூலையிலிருந்து விழுவதாக வைப்பது வழக்கம். உப்பிய வடிவத்தில் வெள்ளை, விளிம்பிலேயே வராது. இட மேல் விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி விழும். பிறகு ஓக்கர், பிறகு வலக்கீழ்ப் பக்கம் அம்பர். அந்த அம்பர் விளிம்பைத் தொடும் முன் நிறுத்தி, விளிம்பை ஒட்டி மயிரிழை அகலத்துக்கு ஓர் இளமஞ்சள் கோடு விடுங்கள். பக்கத்துப் பரப்பிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் அது. அந்த ஒரு கோடு இல்லாவிட்டால் உலோகம் களிமண்ணாகத் தெரியும். குழிந்த இடத்துக்கு எல்லாமே தலைகீழ். ஒரு பாதியை வரைந்து டிரேசிங்கைத் திருப்பிப் போட்டு மறு பாதி எடுக்கும்போது பலரும் கோட்டோடு சேர்த்து வெளிச்சத்தையும் திருப்பிவிடுகிறார்கள். மூக்கு திரும்பலாம், சூரியன் திரும்பாது.

கெம்பு கண்ணாடிபோல வெளிச்சத்தை உள்ளே விடும் கல். மேலே இடப்பக்கம் நுழைந்த வெளிச்சம் எதிர்ப்பக்கம் போய்த் தங்கும். ஆகவே இட மேல்பக்கம் அடர் சிவப்பு, வலக்கீழ்ப் பக்கம் இளஞ்சிவப்பு, அடர்ந்த பகுதியின் நடுவில் கூரான வெள்ளைப் புள்ளி. பவளத்துக்கு இது பொருந்தாது. அதில் வெளிச்சம் நுழையாததால் வலக்கீழ்ப் பக்கம் இருட்டுதான். வைரத்துக்கும், 'மேஜை' எனப்படும் நடுவிலுள்ள தட்டையான மேல்முகத்தில் கெம்பின் கணக்கே. சுற்றுப் பட்டைகளில் மட்டும் அதற்கு நேர்மாறு. 2 மி.மீ.க்குக் கீழே பட்டை வரையாதீர்கள், அழுக்காகத்தான் தெரியும்.

ஆசாரி சொன்னது நியாயம். அவருக்குப் படம் நிஜ அளவில் இருக்க வேண்டும். பெரிதாக்கிய படம் வாடிக்கையாளருக்கு மட்டும். கல்லை மூக்கோடு மூக்கு ஒட்டி வரைவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. 2 மி.மீ. கல் எட்டு, தாளில் 16 மி.மீ.க்குள் அடங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு கல்லையும் சுற்றித் தங்க விளிம்பு 0.3 மி.மீ. வந்தால், ஒரு கல்லுக்கு 2.6 மி.மீ. தேவை. அதே இடத்தில் ஆறுதான் உட்காரும். பிறகு வாடிக்கையாளர் கல்லை எண்ணிப் பார்த்துச் சண்டைக்கு வருவார்.

தகட்டின் கனத்தையும் எழுதிக் கொடுங்கள். உங்கள் மாங்காயின் பரப்பு சுமார் 160 சதுர மி.மீ. 0.3 மி.மீ. தகடு என்றால் 48 கன மி.மீ. 22 காரட் தங்கம் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 17.7 கிராம், ஆக ஒரு மாங்காய் 0.85 கிராம், 24 மாங்காய்க்கு ஏறக்குறைய 20 கிராம். தகட்டை 0.4 ஆக்கினால் 27 கிராம். பேப்பரில் தெரியவே தெரியாத அந்த வித்தியாசம் முக்கால் சவரனுக்கு மேல்! இது முன் தகடு மட்டும், அதுவும் தட்டையாக இருந்தால். உப்பல், பின் தகடு, கல் விளிம்பு எல்லாம் தனிக் கணக்கு.

முன் தோற்றத்துக்குப் பக்கத்திலேயே பக்கவாட்டு, பின்புறத் தோற்றம் இரண்டையும் வெறும் கோட்டில் போடுங்கள். அவற்றுக்குக் கலர் வேண்டாம். பின்புறத்தில் முக்கியமானது, சரடு நுழையும் குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது. மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறியுங்கள். மாங்காயின் கனம் குழாய்க்குக் கீழே இருக்க வேண்டும். குழாயை மிகவும் கீழே இறக்கினால் கனம் அதற்கு மேலே போய், கழுத்தில் போட்டதும் அத்தனை மாங்காயும் தலைகுப்புறக் கவிழும்.